பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டும் பணி: சென்னையில் எங்கே தொடங்குவது?

2024 ஆகஸ்டில் சென்னை ஐ.ஐ.டி.க்கு அதன் முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி ரூபாய் வழங்கினார். அந்நிறுவனத்தின் வரலாற்றில் தனியொருவர் அளித்த மிகப் பெரிய நன்கொடை அது. அவர் அங்கே விண்வெளிப் பொறியியலில் எம்.டெக். பட்டம் பெற்றது 1970-இல். பட்டத்துக்கும் நன்கொடைக்கும் இடையே 54 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. இத்தனை நீண்ட காலம் ஒரு கல்வி நிறுவனம் தன் மாணவர்களின் முகவரியைத் தொலைக்காமல் வைத்திருக்கவும், அவர்களுடைய கடிதங்களுக்குப் பதில் எழுதவும், அவர்கள் கொடுத்த சிறு தொகைகளுக்குக்கூடக் கணக்குச் சொல்லவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். நம் ஊரில் அண்மைக்காலம் வரை இந்த வேலையைப் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர்களும் சம்பளம் எதிர்பாராமல் செய்துவந்தார்கள். இப்போது அது முழுநேரத் தொழிலாக உருவாகிவருகிறது.

வங்கியிலோ பத்திரிகையிலோ மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இத்தொழிலுக்கு மாற நினைக்கும் சென்னைவாசி ஒருவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனத்தின் நிதி வளர்ச்சி அலுவலகம் ஒன்று. நூறாண்டு கண்ட பழைய கல்லூரிகளும் அவற்றின் முன்னாள் மாணவர் சங்கங்களும் இரண்டாவது. தனியார் பல்கலைக்கழகங்களும் புதிதாகத் தோன்றிய கொடைவழிப் பல்கலைக்கழகங்களும் மூன்றாவது. கல்விக்கு வெளியே, மருத்துவமனை, தொண்டு நிறுவனம், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பணியைக் கவனிக்கும் சி.எஸ்.ஆர். பிரிவு ஆகியவற்றில் பழகிவிட்டுப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு வருவது நான்காவது. இவற்றுள் எது சிறந்தது என்பதற்குச் சம்பளத்தையும் பெயரையும் மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. கொடுத்தவருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஏற்பாடு எங்கே ஒழுங்காக இருக்கிறதோ, அங்கே தொடங்க வேண்டும் என்பதே இத்துறையில் இருக்கும் எனது உறுதியான கருத்து. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்த அளவுகோலின்படி செய்யப்பட்டது.

கேட்கும் வேலையும் கணக்குச் சொல்லும் வேலையும்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பணம் கேட்கும் வேலையாக மட்டும் தோன்றும். உள்ளே மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. பெருந்தொகை தரக்கூடியவர்களைச் சந்தித்துப் பேசி, அவர்களுடைய விருப்பத்தையும் நிறுவனத்தின் தேவையையும் பொருத்தி, ஒப்பந்தம் வரை கொண்டுசெல்வது முதல் வேலை. வந்த நன்கொடைக்கு ரசீது அனுப்பி, அது எதற்காகத் தரப்பட்டதோ அதற்கே செலவாகிறதா என்று கண்காணித்து, ஆண்டுதோறும் அறிக்கை எழுதி, உதவித்தொகை பெற்ற மாணவரையும் கொடுத்தவரையும் சந்திக்க வைப்பது இரண்டாவது. நன்கொடையாளர் உறவு என்று இதைத்தான் சொல்கிறோம். முன்னாள் மாணவர் தரவைத் திருத்தி வைப்பதும், யாரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று ஆராய்வதும் மூன்றாவது.

புதிதாக வருபவர்கள் முதல் வேலையைத்தான் விரும்புகிறார்கள். மேடையும் பயணமும் பெரிய மனிதர்களின் பழக்கமும் அதில் கிடைக்கும். ஆயினும் இரண்டாவது வேலையில் குறைந்தது மூன்று நிதியாண்டுகள் இருந்துவிட்டு முதல் வேலைக்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன். ஒரு நன்கொடை வந்த பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்று அறியாதவர், அடுத்தவரிடம் கேட்கும்போது தம்மால் நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைத் தந்துவிடுவார். ஆய்வகத்துக்குப் பெயர் வைப்போம் என்று சொல்லிவிட்டு, அதற்கு ஆட்சிக்குழுவின் ஒப்புதல் தேவை என்பதைப் பின்னால் அறிவதும், ஆண்டுக்கு பத்து மாணவர்கள் பயன்பெறுவார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வைப்புநிதியின் வட்டி ஆறு பேருக்கே போதும் என்பதைப் பின்னால் கணக்கிடுவதும் இத்துறையில் அடிக்கடி நடப்பவை. அந்தச் சங்கடத்தைக் கொடுத்தவர் நேரில் சொல்லிக்காட்ட மாட்டார். அடுத்த ஆண்டு தொலைபேசியை எடுக்காமல் இருந்துவிடுவார்.

மத்திய நிறுவனத்தின் அலுவலகம்

சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. இன்று அதன் முன்னாள் மாணவர், நிறுவன உறவுகளுக்குப் பேராசிரியர் ஒருவர் டீனாக இருக்கிறார். அவருடன் தொழில்முறை அலுவலர்கள் பணிபுரிகிறார்கள். 2023-24 நிதியாண்டில் முன்னாள் மாணவர்கள், நிறுவனங்கள், தனிநபர்கள் ஆகியோரிடமிருந்து 513 கோடி ரூபாய் திரட்டியதாக அந்நிறுவனம் அறிவித்தது. தமிழகத்தில் இந்தத் தொழிலை இந்த அளவில் கற்றுக்கொள்ள வேறு இடம் இல்லை என்றே சொல்லலாம். பேட்ச் வாரியாக ஒருங்கிணைப்பாளர்கள், 25-ஆம் ஆண்டும் 50-ஆம் ஆண்டும் நடக்கும் ரீயூனியன்களையொட்டிய கூட்டு நன்கொடைகள், கொடையில் அமையும் பேராசிரியர் பதவிகளான இருக்கைகள், மையங்கள், அமெரிக்காவில் தனி ஃபவுண்டேஷன் எனப் பல வழிகளும் ஒரே கூரையின்கீழ் காணக் கிடைக்கும்.

வெளிநாட்டுப் பணத்தைக் கையாளக் கற்பதே இங்கு கிடைக்கும் பெரிய பாடம் என்று கருதுகிறேன். ஒரே வகுப்பில் படித்த இருவர் கலிபோர்னியாவில் ஒரே தெருவில் வசிக்கலாம். ஒருவர் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். மற்றவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர். முதலாமவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.யின் கணக்கில் வெளிநாட்டு நிதி ஆகாது. இரண்டாமவர் இந்திய வம்சாவளியினராக இருந்தாலும், அத்தகையோருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அவருடைய தொகை வெளிநாட்டு நிதிதான். 2010-ஆம் ஆண்டின் அச்சட்டம் 2020-இல் திருத்தப்பட்ட பிறகு, வெளிநாட்டு நிதி முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில் மட்டுமே வந்துசேர வேண்டும். ஒரு நிறுவனம் பெற்றதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றித் தரக் கூடாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்து, நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி.யின் தணிக்கைக்குக் கட்டாயமாக உட்படும் அமைப்புகளுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே ஐ.ஐ.டி. போன்ற இடத்துக்கும் ஒரு பழைய கல்லூரியின் சங்கத்துக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய இடைவெளி இருக்கிறது. இரண்டையும் அறிந்தவருக்குத்தான் பின்னாளில் எங்கும் வேலை இருக்கும்.

குறைகளும் உண்டு. இத்தகைய அலுவலகங்களில் பதவிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை. தலைமைப் பொறுப்பு பேராசிரியரிடம் இருப்பதால், தொழில்முறை அலுவலர் எவ்வளவு உயர முடியும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ரசீதுப் பிரிவில் சேர்ந்தவர் கொடுத்தவரின் முகத்தையே பார்க்காமல் சில ஆண்டுகளைக் கழித்துவிடவும் கூடும். நிறுவனத்தின் பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே கிடைத்த வெற்றியைத் தம் திறமையாக மட்டும் எண்ணிக்கொண்டு சிறிய கல்லூரிக்குப் போகிறவர், முதல் ஆண்டிலேயே திணறிப்போவார்.

பழைய கல்லூரிகளும் சங்கங்களும்

கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1837, மாநிலக் கல்லூரி 1840, இராணி மேரி கல்லூரி 1914, மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915, லயோலா 1925 எனச் சென்னையின் கல்லூரிகள் பலவும் நெடிய வரலாறு உடையவை. உலகெங்கும் பரவியிருக்கும் அவற்றின் மாணவர்கள் தங்கள் கல்லூரி மீது வைத்திருக்கும் பற்றை அளவிட முடியாது. அந்தப் பற்றை ஏற்று, பதிவு செய்து, பதில் சொல்லும் அலுவலகம்தான் பல இடங்களில் இல்லை. முன்னாள் மாணவர் சங்கம் பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான தனி அமைப்பாக இருக்கும். கல்லூரி நிர்வாகம் வேறு, சங்கம் வேறு. சங்கம் திரட்டிய பணத்தில் கட்டிய அரங்கத்துக்கு மின்கட்டணம் யார் செலுத்துவது என்ற கேள்வியில் நட்பு முறிந்த இடங்களை நான் அறிவேன்.

சம்பளத்தில் இந்த வழி மற்ற மூன்றையும்விடக் கீழே இருக்கும். பலவிடங்களில் ஒரே ஆள்தான் அலுவலகம். கடிதம் எழுதுவதும், மார்கழி இசை விழாவுக்காகவும் குடும்பத்தைப் பார்க்கவும் டிசம்பர், ஜனவரியில் சென்னை வரும் வெளிநாடுவாழ் முன்னாள் மாணவர்களைச் சந்திப்பதும், கூட்டத்துக்கு நாற்காலி ஏற்பாடு செய்வதும், ஆடிட்டருக்குக் கணக்கு அனுப்புவதும் அவர்தான். இருந்தும் ஒரு நன்கொடையின் முழு வாழ்க்கையையும் தொடக்கத்திலிருந்து பார்க்கக்கூடிய இடம் இதுவே.

இங்குள்ள அறக்கட்டளைப் பரிசுகளை எடுத்துக்கொள்வோம். தந்தையின் பெயரில் தமிழ்ப் பாடத்தில் முதலிடம் பெறுபவருக்குத் தங்கப் பதக்கம், தாயின் பெயரில் ஏழை மாணவிக்கு உதவித்தொகை, ஆசிரியர் பெயரில் ஆண்டுச் சொற்பொழிவு என்று குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வைப்புநிதி வைத்திருக்கின்றன. எப்போதோ வைத்த 25,000 ரூபாய்க்கு 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 1,750 ரூபாய் வரும். அதில் தங்கப் பதக்கம் எங்கே செய்வது? முலாம் பூசிய பதக்கம் கொடுத்துவிட்டு அதையே அறிக்கையில் தங்கப் பதக்கம் என்று எழுதுவது ஒரு வழி. வைப்புநிதியை வைத்தவரின் பிள்ளையையோ பேத்தியையோ தேடிக் கண்டுபிடித்து, நிலைமையைப் பணிவாக விளக்கி, முதலைக் கூட்டுமாறோ, பதக்கத்தைப் புத்தகப் பரிசாக மாற்ற இசையுமாறோ எழுத்தில் கேட்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் செல்பவர் ஆறு மாதம் உழைத்தாலும், தாத்தாவின் பெயரில் ஒரு பரிசு இன்னும் உயிரோடு இருப்பதை முதன்முதலாக அறியும் ஒரு குடும்பத்தை நிறுவனத்துக்குத் திரும்பக் கொண்டுவருகிறார். புதிதாக அறக்கட்டளை வைக்க வருபவரிடமும் இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்ல வேண்டும்: 10 லட்சம் ரூபாய்க்கு 7 விழுக்காட்டில் 70,000 ரூபாய் வரும், அதில் 40,000 ரூபாயை மட்டும் மாணவருக்குக் கொடுத்து, மீதியை முதலோடு சேர்த்தால்தான் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த உதவித்தொகைக்கு மதிப்பு இருக்கும்.

கொடுத்தவரின் விருப்பத்தைக் காப்பது இந்த நகரத்துக்குப் புதிய செய்தி அன்று. 1794-இல் இறந்த பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறச்சொத்து பல பத்தாண்டுகள் வழக்கில் சிக்கிக் கிடந்தது. நீதிமன்றத்தின் வழியாக அது மீட்கப்பட்டு, கோயில் கட்டளைகள் போக எஞ்சியதைக் கல்விக்குப் பயன்படுத்த வழி பிறந்ததால்தான் 1842-இல் பச்சையப்பன் பள்ளி தொடங்க முடிந்தது. ஒருவர் எழுதிவைத்த விருப்பம் அவர் காலத்துக்குப் பின் எப்படிச் சிதறக்கூடும், எப்படி மீட்கப்படக்கூடும் என்பதை இத்துறைக்கு வருபவர் அந்த வரலாற்றிலிருந்து அறிந்துகொள்ளலாம். பின்னாளில் அழகப்பச் செட்டியார் கிண்டியில் 1944-இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்கும், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்கும் கொடுத்தார். ஆய்வகத்துக்கு அவர் தந்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். இத்தகைய பெருங்கொடையாளர் தாமே முன்வந்து தந்த காலத்தில் நிதி திரட்டும் அலுவலகம் தேவைப்படவில்லை. நடுத்தரக் குடும்பங்களிலிருந்து வந்து, நடுத்தர வயதில் ஓரளவு சேமித்திருக்கும் ஆயிரக்கணக்கானோர் சிறுகச் சிறுகக் கொடுக்கும் இன்றைய நிலையில்தான் அது தேவைப்படுகிறது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கான 60 லட்சம் டாலர் அப்படித்தான் சேர்ந்தது. அமெரிக்கவாழ் தமிழ் மருத்துவர் இருவர் முன்னின்று தொடங்கிய அம்முயற்சிக்குத் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் தத்தம் அளவில் கொடுத்தார்கள்.

பழைய கல்லூரிகள் இப்போது இதற்கென ஆள் தேடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய அமைப்பான நாக் செய்யும் மதிப்பீட்டின் ஐந்தாவது அளவுகோலில் முன்னாள் மாணவர் ஈடுபாடு என்பது தனிக்கூறாக இடம்பெறுகிறது. பதிவு பெற்ற சங்கம் இருக்கிறதா, அதன் பங்களிப்பு என்ன என்று ஆவணம் காட்ட வேண்டியிருப்பதால், இதுவரை அக்கறை காட்டாத நிர்வாகங்களும் கோப்பைத் திறக்கின்றன. மதிப்பீடு முடிந்ததும் கோப்பை மூடிவிடும் நிர்வாகம் எது, தொடர்ந்து நடத்தும் நிர்வாகம் எது என்பதைச் சேர்வதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தனியார் பல்கலைக்கழகங்கள்

இந்தப் பிரிவை ஒரே வகையாகப் பேசுவது நியாயம் ஆகாது. நிறுவனர் குடும்பத்தின் கொடையில் நடப்பவை உண்டு; சென்னைக்கு அருகே களவாக்கத்தில் 2021-இல் தொடங்கிய ஷிவ் நாடார் பல்கலைக்கழகம் அந்த வகை. பலர் கூடிக் கொடுத்த நிதியில் எழுந்தவை உண்டு. நம் எல்லைக்கு அப்பால், ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் அமைந்த கிரியா பல்கலைக்கழகம் அந்த வகை. சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் அளவில் சிறியதாயினும், 1989-இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஒரு பகுதியாகத் தொடங்கி, தனியார் கொடையையும் அரசு உதவியையும் சேர்த்தே வளர்ந்தது. மாணவர் கட்டணத்தை மட்டும் நம்பி நடப்பவையே மற்றவற்றுள் மிகுதி. கூட்டுக் கொடையில் எழுந்த இடத்தில் நிதி திரட்டுவோருக்குத் தலைமையின் நேரமும் மரியாதையும் கிடைக்கும். இளம் வயதிலேயே பொறுப்பு வரும். சம்பளமும் பொதுவாக மேலானது. நிறுவனர் குடும்பமே எல்லாவற்றையும் கொடுத்துவிடும் இடத்தில் இத்துறைக்கு வேலை குறைவு. முன்னாள் மாணவர்களும் இன்னும் இளைஞர்களாக இருப்பதால், பலன் காண இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

கட்டணத்தை நம்பி நடக்கும் இடங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் சேர்க்கைக்காகப் பணம் வாங்குவதைத் தமிழ்நாடு 1992-இலேயே தனிச் சட்டம் இயற்றித் தடைசெய்தது. இருந்தும் நம் ஊரில் கல்லூரியும் நன்கொடையும் சேர்ந்து பேசப்பட்டால், பெற்றோரின் நினைவுக்கு முதலில் வருவது சீட்டுக்குக் கொடுத்த பணம்தான். உண்மையான கொடையைக் கேட்கப் போகிறவர் இந்தக் கசப்பின் மீதுதான் நடந்துசெல்ல வேண்டியிருக்கிறது. எனவே நேர்காணலின்போது, சேர்க்கை அலுவலகத்துக்கும் நிதி திரட்டும் அலுவலகத்துக்கும் இடையே என்ன தொடர்பு என்று கேளுங்கள். தற்போது படிக்கும் மாணவரின் பெற்றோரிடமோ, விண்ணப்பித்திருப்பவரின் குடும்பத்திடமோ நன்கொடை கேட்பதுண்டா என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் சேர வேண்டாம். இரட்டிப்புச் சம்பளம் தந்தாலும் சேர வேண்டாம். அங்கே கையெழுத்திட்ட ரசீதுகள் பின்னாளில் உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும்.

சம்பளத்தைத் திரட்டிய தொகையின் விழுக்காடாகத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட நிதி திரட்டுவோர் சங்கமான ஏ.எஃப்.பி.யின் நெறிமுறை இப்படிக் கமிஷன் பெறுவதைத் தடுக்கிறது. காரணம் எளிது: கமிஷன் வாங்குபவர் இந்த மாதமே காசோலையை வாங்கத் துடிப்பார், கொடுப்பவர் இன்னும் இரண்டு ஆண்டுகள் யோசித்து, தம் மனத்துக்கு உகந்த பணிக்கு ஐந்து மடங்கு கொடுக்கக்கூடியவர் என்றால், அந்த இரண்டு ஆண்டுகளும் அவருக்கு நட்டமாகத் தெரியும். மாதச் சம்பளத்தையே கேளுங்கள். ஆண்டு ஊக்கத்தொகை வேண்டுமென்றால், சந்திப்புகள், அறிக்கைகள், மீண்டும் கொடுத்தவர்களின் விகிதம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள்.

வெளியே பழகி உள்ளே வருவது

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-லிருந்தும் சங்கர நேத்ராலயா 1978-லிருந்தும் பொதுமக்களின் கொடையைப் பெற்றுத் தொண்டாற்றுகின்றன. இத்தகைய இடங்களில் சிறு தொகை கொடுக்கும் பெருந்திரளான மக்களைக் கையாளும் பயிற்சி விரைவாகக் கிடைக்கும். பிறந்தநாளன்றும் திதியன்றும் கொடுப்பவர்களை ஆண்டுதோறும் நினைவூட்டி அழைத்துவரும் ஒழுங்கைப் பல்கலைக்கழகங்கள் இவர்களிடம் கற்க வேண்டும். ஆயினும் மருத்துவமனையில் தேவை கண்முன் நிற்கிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு நூலகத்துக்கோ அடிப்படை ஆராய்ச்சிக்கோ கேட்கும்போது, பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும் என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும்.

சி.எஸ்.ஆர். பிரிவில் தொடங்கி வருவோரும் உண்டு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்தப் பக்கம் இருந்து பழகியவருக்கு, கொடுக்கும் நிறுவனம் எந்த மாதத்தில் முடிவெடுக்கும், எந்த ஆவணத்தைக் கேட்கும், இயக்குநர் குழு எதைக் கண்டு தயங்கும் என்பது கைவந்திருக்கும். ஆனால் சி.எஸ்.ஆர். பணத்துக்கு ஓர் எல்லை உண்டு. 2021 ஜனவரி 22-க்குப் பிறகு முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் மூலநிதிக்கு, அது எந்த அமைப்பினுடையதாயினும், அதைத் தர இயலாது. தொடர் திட்டங்களுக்குரிய செலவிடாத தொகையும் தனிக் கணக்கில் வைக்கப்பட்டு மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவாக வேண்டும். ஆகவே நிரந்தர இருக்கையோ, தலைமுறை கடந்து நிற்கும் உதவித்தொகையோ சி.எஸ்.ஆர். மூலம் எழாது. அவை தனிமனிதர்களின் கொடையில்தான் எழும். மார்ச் மாத அவசரத்திலேயே பழகியவர் பல்கலைக்கழகத்துக்கு வந்தால், நிதானத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

எல்லா வழிக்கும் பொதுவான சில

எங்கே சேர்ந்தாலும் வரிச் சட்டம் தெரியாமல் முடியாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கு வரிவிலக்கு தரும் 80ஜி பிரிவில், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. அச்சட்டப்படி, பெற்ற நன்கொடைகளின் விவரத்தை மே 31-க்குள் 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். பான் எண்ணைத் தவறாகப் பதிந்த ஒரு ரசீது, கொடுத்தவரின் வரிக்கணக்கில் சிக்கலாகி, பத்தாண்டு உறவைக் கெடுத்துவிடும். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1 என்பதால், பிரிவு எண்களைப் புதிதாகவும் கற்க வேண்டும். இந்தப் புதிய சட்டம் வேறு, குறைந்த விகிதமும் குறைவான விலக்குகளும் கொண்ட ‘புதிய வரிமுறை’ வேறு. அந்த வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு 80ஜி விலக்கே கிடையாது. 2023-24 முதல் அதுவே இயல்பு முறையாகவும் ஆகிவிட்டது. வரிச் சலுகையைக் காட்டி நன்கொடை கேட்டுவந்த பழக்கம் இதனால் வலுவிழந்துவருகிறது. நன்கொடையாளர் உறவில் தேர்ந்தவர்களின் மதிப்பு உயரப்போவதற்கு இதையே முதன்மைக் காரணமாகக் கருதுகிறேன்.

மொழியும் முக்கியம். அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் பலர். காரைக்குடியிலோ திண்டுக்கல்லிலோ இருக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கு, அவருடைய மனைவியின் பெயரிலான உதவித்தொகையை இந்த ஆண்டு பெற்ற மாணவியைப் பற்றி, பிழையற்ற, உபசாரம் மிகாத தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதத் தெரிந்தவர் சிலரே. அந்தத் திறன் உடையவரைப் பழைய கல்லூரிகள் இழக்க விரும்ப மாட்டா.

யாருக்கு எது என்று கேட்டால், என் பரிந்துரை இப்படி அமையும். முப்பது வயதுக்குட்பட்டு, குடும்பப் பொறுப்பு குறைவாக உள்ளவர், மத்திய நிறுவனத்தில் நன்கொடையாளர் உறவுப் பிரிவில் ஒப்பந்தப் பணி கிடைத்தால் தயங்காமல் சேரலாம்; மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பழைய கல்லூரி ஒன்றுக்கோ கூட்டுக் கொடைப் பல்கலைக்கழகத்துக்கோ பொறுப்பான பதவியில் செல்ல அது வழி திறக்கும். அந்த வாய்ப்பு கிடைக்காதவர், அதிகச் சம்பளம் தரும் தனியார் நிறுவனத்துக்கும் குறைந்த சம்பளம் தரும் பழைய கல்லூரிக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், வீட்டு வாடகையும் கடனும் இடம்தரும் வரையில் பழைய கல்லூரியையே தேர்வது நல்லது. நிலையான வருமானம் உடனடித் தேவையாக உள்ளவருக்கு மருத்துவமனையோ சி.எஸ்.ஆர். பிரிவோ ஏற்றது, அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் வழி அடைபடுவதில்லை. வங்கியிலோ தணிக்கைத் துறையிலோ நெடுங்காலம் இருந்து ஐம்பதை நெருங்குகிறவருக்கு, அவர் படித்த கல்லூரியின் சங்கத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. வாரம் இரண்டு நாட்கள், பொருளாளருக்கு உதவியாக, அறக்கட்டளைப் பதிவேட்டைத் திருத்தி எழுதும் பணியிலிருந்து தொடங்கலாம். எந்தெந்த வைப்புநிதி எந்த வங்கியில் இருக்கிறது, எவற்றின் முதிர்வு நாள் கடந்துவிட்டது, எந்தப் பரிசு எத்தனை ஆண்டுகளாக வழங்கப்படவில்லை என்று பட்டியலிட்டுச் செயற்குழுவின் முன் வைத்தால், அடுத்த ஆண்டுக்கான முழுநேரப் பதவியை அவர்களே உருவாக்கிக் கேட்பார்கள்.